பத்து மில்லிகிராம் பொடி, பத்து வருஷ வாழ்க்கை

நானோ ஆய்வுக்கூடங்களுக்குக் கோடிகளில் கருவிகள் வந்துவிட்டன. அவற்றை நம்பி இளமையைக் கொடுத்த கிராமத்துப் பிள்ளைகளுக்கு என்ன வந்தது?

காலை ஆறரை. தவளக்குப்பம் சந்திப்பில் டீக்கடை பாய்லர் சூடேறிக்கொண்டிருக்கிறது. அபிஷேகப்பாக்கம் பக்கமிருந்து வந்த டிவிஎஸ் எக்ஸ்எல் ஒன்று கடலூர் சாலையோரம் ஒதுங்கி நிற்கிறது. பின்னால் உட்கார்ந்திருந்த பெண் இறங்குகிறார். பையை முதுகில் மாட்டவில்லை. கைக்குழந்தையைப் போல முன்பக்கம் அணைத்துப் பிடித்திருக்கிறார். உள்ளே சாப்பாட்டு டப்பாவுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவே பள்ளிக்கூட ஜியாமெட்ரி பாக்ஸ். அதற்குள் அலுமினியத் தாளில் சுற்றிய ஆறு பிளாஸ்டிக் குப்பிகள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுனி அளவு. ஒவ்வொன்றிலும் பத்து மில்லிகிராம் கறுப்புப் பொடி. ஒரு சிட்டிகைக்கும் குறைவு.

"இன்னிக்காவது மிஷினு கெடைக்குமாம்மா?" என்று கேட்கிறார் அப்பா.

"ஸ்லாட் போட்டிருக்குப்பா. ரெண்டு மணிக்கு."

"போன தடவையும் அதான சொன்ன."

"போன தடவ ஃபிலமென்ட் போயிடுச்சுப்பா."

அவர் தலையாட்டுகிறார். ரெண்டு காணி நெல் போடுகிறவர், பத்தாவது தாண்டாதவர். ஆனால் ஐந்து வருடமாக மகளை இந்தச் சாலையில் இறக்கிவிட்டு இறக்கிவிட்டு ஸ்லாட், ஃபிலமென்ட், சாம்பிள் எல்லாம் அவர் வாயிலும் புழங்குகின்றன. புதுச்சேரி பஸ் வருகிறது. அங்கே இறங்கி கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னைக்கு இன்னொரு பஸ். அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தின் இருட்டறையில் எலக்ட்ரான் நுண்ணோக்கி முன்னால் அவருக்கு ஒதுக்கப்பட்ட நேரம் ஒரு மணி.

பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இன்னும் பட்டம் கையில் வரவில்லை, அதுதான் காரணம். இந்த வருடம் கல்லூரி சேர்க்கையில் 'நானோ' படிக்கலாமா என்று கேட்கும் பெற்றோர் நிறைய. அவர்களுக்கு இவருடைய பயணத்தைவிட நேரான பதில் வேறு இல்லை.

விசில் இல்லாத குக்கர்

நானோமீட்டர் என்றால் ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். பொருளை அந்த அளவுக்குச் சிறிதாக்கினால் அதன் குணம் மாறிவிடுகிறது. தங்கம் சிவக்கிறது, வெள்ளி கிருமியைக் கொல்லும் வேகம் கூடுகிறது, ஒரு கிராம் கரியின் பரப்பு விளையாட்டு மைதானம் அளவுக்கு விரிகிறது. இந்தக் குண மாற்றத்தைப் பிடித்து வேலைக்கு வைப்பதுதான் நானோபொருள் ஆய்வாளரின் தொழில்.

அந்தத் தொழிலை அருகிலிருந்து பார்த்தால் அது சமையலறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பஸ் ஏறிய அந்தப் பெண் செய்வது மின்சாரத்தைச் சட்டென்று சேமித்துச் சட்டென்று தரும் சூப்பர் கெப்பாசிட்டருக்கான மின்வாய்ப் பொருள். உப்புகளை நான்கு தசம இடம் காட்டும் தராசில் எடை போட வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் போடுவார்கள், மூச்சுக் காற்றுகூட எண்ணை ஆட்டிவிடும். கலவையை ராத்திரி முழுக்கக் காந்தக் கலக்கியில் விட வேண்டும். பிறகு ஆட்டோகிளேவ். அது குக்கர்தான், விசில் மட்டும் கிடையாது. தடித்த எஃகுக் குடுவை, உள்ளே டெஃப்லான் கிண்ணம். மூடியை இறுக்கி 180 டிகிரி அடுப்பில் பன்னிரண்டு மணி நேரம். தானாக ஆறுகிற வரை தொடக்கூடாது. ஆவி அடங்கும் முன் குக்கரைத் திறக்காதே என்று அம்மா அடுப்படியில் சொன்னதுதான் இங்கும் முதல் பாதுகாப்பு விதி. திறந்தால் அடியில் கறுப்பாக ஒரு வண்டல். அதைச் சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி, தண்ணீரிலும் எத்தனாலிலும் மாற்றி மாற்றி ஆறு முறை கழுவி, 60 டிகிரியில் காய வைத்தால் கடைசியில் கையில் நிற்பது கால் கிராம்.

நாலு நாள் வேலை. அதன் பிறகுதான் கேள்வியே தொடங்குகிறது: செய்தது நானோவா, வெறும் தூசியா? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எக்ஸ்ஆர்டி என்ற எக்ஸ்-கதிர்ச் சோதனை எடுக்க வேண்டும், செம், டெம் என்ற எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் எடுக்க வேண்டும். கருவி இருக்கிற ஊருக்குப் போக வேண்டும். ஜியாமெட்ரி பாக்ஸை அணைத்துக்கொண்டு பஸ் ஏறுவது அதற்காகத்தான்.

பெட்டிச் செய்தி: மணியும் பானையும்

அபிஷேகப்பாக்கத்துக்கு வடக்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு. 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டிய இடம். ரோமானிய ஜாடித் துண்டுகளுக்காக உலகம் அதை அறியும். ஆனால் அங்கே செய்து கடல் கடந்து போன கண்ணாடி மணிகள் அதைவிடப் பெரிய கதை. இந்தோ-பசிபிக் மணிகள் எனப்படும் அந்த வகையில் செங்கல் நிறச் சிவப்பு மணிகளுக்கு நிறம் கொடுப்பது, கண்ணாடிக்குள் சிதறிக் கிடக்கும் மிக நுண்ணிய செம்புத் துகள்கள். அடுப்பில் காற்று எவ்வளவு புக வேண்டும் என்ற கணக்கு அந்த மணிக்காரர்களின் கையில் இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் விஞ்ஞானி அலெக்சி எகிமோவ் குவாண்டம் புள்ளிகள் எனப்படும் நானோ துகள்களின் குணத்தைக் கண்டதும் செம்பு குளோரைடு சேர்த்த கண்ணாடியில்தான். அதற்காக 2023-இல் வேதியியல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

கீழடிப் பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதை 2020 நவம்பரில் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வேலூர் விஐடி ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர் வெளியிட்டார்கள். பொருட்களின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு. குயவருக்கு நானோ தெரியாது, சூளை தெரியும்.

பணம் வந்தது, எங்கே போனது?

2007-இல் மத்திய அரசு நானோ மிஷன் தொடங்கியது. ஐந்து ஆண்டுக்கு ரூ.1,000 கோடி. நாடு முழுக்க மையங்கள் முளைத்தன. மொகாலியில் இதற்கென்றே 2013-இல் ஒரு நிறுவனம் வந்தது. ஹைதராபாத்தின் ஏஆர்சிஐ, பெங்களூரின் சென்ஸ், காரைக்குடியின் சிக்ரி என்று பல ஆய்வகங்களில் வேலை சூடு பிடித்தது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் மதன்ஜீத் பசுமை ஆற்றல் தொழில்நுட்பப் புலத்தில் நானோ அறிவியல் மையம் உண்டு. ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையில் சீனா, அமெரிக்காவுக்கு அடுத்து இந்தியா என்ற நிலை வந்தது.

இது சாதனைதான். குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் கட்டுரைகளின் ஒவ்வொரு வரைபடத்துக்குப் பின்னாலும் ராத்திரி அடுப்பை அணைக்கக் காத்திருந்த ஒரு ஆய்வு மாணவர் இருக்கிறார். கருவி வாங்கும்போது டெண்டர், பட்ஜெட், திறப்பு விழா எல்லாம் உண்டு. அதில் உட்கார்ந்து வேலை பார்க்கப்போகிறவர் நாளைக்கு எங்கே இருப்பார் என்பதற்கு எந்தக் கோப்பும் திறக்கப்படவில்லை. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்கு நாம் செலவிடுவது 0.64 சதவீதம். தென்கொரியா ஏறக்குறைய 5 சதவீதம். இந்த இடைவெளி கடைசியில் வந்து விழுவது தவளக்குப்பம் பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பெண்ணின் தலையில்.

ஒரே மேசை, இரண்டு சம்பளம்

சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்கியவருக்கு 2023 ஜனவரி 1 முதல் மாதம் ரூ.37,000. இரண்டு வருடம் கழித்து எஸ்ஆர்எஃப் என்ற முதுநிலை ஆய்வாளர் ஆனால் ரூ.42,000. வீட்டு வாடகைப்படி தனி. நல்ல தொகைதான். இதற்கு முந்தைய உயர்வுக்காக 2018-லும் 2019-லும் ஆய்வு மாணவர்கள் டெல்லி வரை போய் வீதியில் நின்றதை மறக்கக் கூடாது.

ஆனால் ஜேஆர்எஃப் கிடைக்காமல் நுழைவுத்தேர்வு எழுதி மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவருக்கு? மாதம் ரூ.8,000. பத்து வருடத்துக்கும் மேலாக அசையாத தொகை. அதே கைடு, அதே மேசை, அதே ஆட்டோகிளேவ். ஒருவர் 42,000 வாங்குகிறார், பக்கத்தில் நிற்பவர் 8,000 வாங்குகிறார். அந்த எட்டாயிரத்தை முப்பது நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 267 ரூபாய். 2024-25-இல் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் நூறு நாள் வேலைக்கு அரசு நிர்ணயித்த கூலி 319 ரூபாய். எம்எஸ்சி முடித்து ஆராய்ச்சி செய்கிறவரின் நாள்கணக்கு ஏரி மராமத்துக் கூலியைவிடக் கீழே இருக்கிறது. இது ஏரி வேலைக்குக் கூடுதல் என்பதில்லை, அதுவே குறைவுதான்.

அந்த எட்டாயிரமோ முப்பத்தேழாயிரமோ மாதாமாதம் வந்தால் பரவாயில்லை. நாலு மாதம் நின்று, மொத்தமாக ஒருநாள் வரும். நடுவில் விடுதிக் கட்டணம், பஸ் காசு, சென்னையில் கருவிக்குக் கட்டும் சாம்பிள் கட்டணம். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இந்தத் தாமதம் எரிச்சல். வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவருக்கு அது படிப்பையே விடலாமா என்ற கேள்வி. அபிஷேகப்பாக்கத்துப் பெண்ணின் வீட்டில் ஒருமுறை அந்தக் கேள்வி எழுந்தபோது, அறுவடை நெல்லை வியாபாரி கேட்ட விலைக்கே அவசரமாகப் போட்டுவிட்டார்கள்.

பெட்டிச் செய்தி: முப்பத்திரண்டு

பிஎஸ்சி முடிக்க 21, எம்எஸ்சிக்கு 23. நெட் எழுதி ஆய்வில் சேர 24 அல்லது 25. ஐந்தாறு வருடத்தில் பட்டம் என்றால் 30, 31. சிஎஸ்ஐஆர் ஆய்வகங்களில் விஞ்ஞானி பணிக்குப் பொதுப் பிரிவில் வழக்கமான உச்ச வயது 32. பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்று, பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ.67,700. கருவி ஆறு மாதம் பழுதாகிக் கிடந்தால் அந்த ஆறு மாதத்தை வயது வரம்பு கணக்கில் எடுப்பதில்லை.

பட்டத்துக்குப் பிறகு

முனைவர் பட்டம் வாங்கியவருக்கு நிரந்தர வேலை என்பது பேராசிரியர் பணி அல்லது அரசு ஆய்வக விஞ்ஞானி பணி. இரண்டிலும் இடம் விரல்விட்டு எண்ணும் அளவு. தனியார் கல்லூரியில் சேர்ந்தால் வாரத்துக்கு இருபது மணி வகுப்பு, அட்மிஷன் வேலை. ஆட்டோகிளேவ் அலமாரியில் தூங்கும்.

ஆகவே கிளம்புகிறார்கள். கொரியா, தைவான். இருபது வருடமாகத் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் இது நன்றாகப் பழகிய பாதை. சியோலிலும் தைபேயிலும் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் வைக்கின்றன. அங்கே கரும்பு பிடித்து நிற்பவர்களில் பெரும் பகுதி பேட்டரி, சூரியத் தகடு, நுண்பொருள் ஆய்வாளர்கள். போகட்டும், கற்கட்டும். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. திரும்பி வர ஒரு வாசல் திறந்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். ஒரு வருட ஒப்பந்தம், பிறகு இன்னொரு வருடம், பிறகு இன்னொரு ஊர் என்று நாற்பது வயது வரை போஸ்ட்டாக் என்ற தற்காலிக ஆய்வாளராகவே இருந்துவிடுகிறவர்கள் உண்டு.

பெண்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கம். பட்டத்தின் கடைசி இரண்டு வருடமும் வீட்டில் கல்யாணப் பேச்சு தொடங்கும் வருடமும் ஒன்றாகவே வரும். "இன்னும் படிக்குதா?" என்று தெருவில் கேட்பவர்களுக்கு அது படிப்பு அல்ல, வேலை என்று யாரும் சொல்லித் தருவதில்லை. இடையில் நின்றுபோன பெண் விஞ்ஞானிகளைத் திரும்ப அழைக்க அறிவியல் தொழில்நுட்பத் துறை வைஸ்-கிரண் என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறது. அபிஷேகப்பாக்கம், பாகூர், வில்லியனூர் பக்கம் எத்தனை வீடுகளுக்கு அது தெரியும்? கொம்யூன் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டலாமே.

யாரும் பேசாத இன்னொரு ஆள் இருக்கிறார். அந்த நுண்ணோக்கியை இயக்குகிறவர். பல கோடி ரூபாய்க் கருவியை, பல இடங்களில், ஒப்பந்தச் சம்பளத்துக்கு ஒருவர் ஓட்டுகிறார். கற்றுத் தேறிய மூன்றாம் வருடம் நல்ல இடம் கிடைத்துக் கிளம்பிவிடுவார். கருவி உறையைப் போர்த்திக்கொள்ளும். 2020-இல் தொடங்கிய ஐ-ஸ்டெம் தளத்தால் எந்த ஊரில் எந்தக் கருவி இருக்கிறது என்று இப்போது தேடிப் பார்க்க முடிகிறது, முன்பதிவு செய்ய முடிகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் கருவிக்குப் பக்கத்தில் நிரந்தரமாக ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்பதை எந்தத் தளமும் சரிசெய்யாது. என்னைக் கேட்டால், அடுத்த பத்துக் கருவிக்கான பணத்தில் ஐந்துக்கு ஆள் போடுங்கள் என்பேன்.

வேலை இல்லையா, வேலைக்கு இடம் இல்லையா?

செய்ய வேண்டிய வேலை கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது. சென்னை ஐஐடியில் டி. பிரதீப் குழுவினர் வெள்ளி நானோ துகளால் குடிநீரில் பூச்சிமருந்தை நீக்கும் வடிகட்டி செய்தார்கள். 2007-இல் அது கடைக்கே வந்தது. அதன் பிறகு இரும்பு ஆக்சி-ஹைட்ராக்சைடு நானோ அமைப்பால் ஆர்செனிக்கைப் பிடிக்கும் 'அம்ரித்' வந்தது. வங்காளம், பஞ்சாப் பக்கம் பத்து லட்சத்தைத் தாண்டிய மக்கள் அந்தத் தண்ணீர் குடிக்கிறார்கள். ஆய்வுக்கூடத்துப் பொடி ஊர்க் குழாய் வரை போன கதை அது. புதுச்சேரிக் கடலோரக் கிராமங்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் உவர்த்துக்கொண்டே போகிறது. இங்கே அந்தக் கதை தொடங்கவே இல்லை.

காரைக்குடி சிக்ரி இதற்கு இன்னொரு பாடம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கல் நாளில் திறந்த நிறுவனம். வறண்ட சீமையில் விஞ்ஞானிக் குடும்பங்கள் குடியேறின. இன்றைக்கு லித்தியம் பேட்டரி ஆய்வில் நாட்டின் முக்கிய இடம். ஊருக்கு ஒரு ஆய்வகம் வந்தால் அந்த ஊர்ப் பிள்ளை எலக்ட்ரோடு என்ற சொல்லைப் பயமில்லாமல் சொல்லும்.

விவசாயத்திலும் வழி இருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் நானோ அறிவியலுக்குத் தனித்துறையே உண்டு. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, மாம்பழம் சீக்கிரம் அழுகாமல் காக்கும் ஹெக்சனால் பூச்சும் ஒட்டியும் செய்தார்கள். இலங்கை ஹோமாகமவில் உள்ள ஸ்லின்டெக் குழு, யூரியாவை எலும்புச் சத்தான ஹைட்ராக்சி அபடைட் நானோ துகளோடு கட்டி மெதுவாகக் கரைய வைத்தது. 2017-இல் ஏசிஎஸ் நானோ இதழில் அந்த ஆய்வு வந்தது.

யூரியா என்றதும் இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். 2021-இல் இஃப்கோ நிறுவனம் நானோ யூரியா வெளியிட்டது. அரை லிட்டர் பாட்டில் ஒன்று 45 கிலோ மூட்டை ஒன்றுக்கு ஈடு என்றார்கள். 2023-இல் டென்மார்க் விஞ்ஞானிகள் மேக்ஸ் ஃபிராங்க், சோரன் ஹஸ்டட் இருவரும் 'பிளான்ட் அண்டு சாயில்' இதழில் அந்தக் கணக்கைக் கேள்வி கேட்டார்கள். லூதியானா வேளாண் பல்கலைக்கழகத்தின் இரண்டு வருட வயல் ஆய்வில், யூரியாவைக் குறைத்து நானோ யூரியா தெளித்த வயலில் கோதுமை 21.6 சதவீதமும் நெல் 13 சதவீதமும் மகசூல் குறைந்தது. நிறுவனம் இவற்றை ஏற்கவில்லை. தன் பொருள் பல இடங்களில் சோதிக்கப்பட்டது என்கிறது. பிறகு நைட்ரஜன் அளவைக் கூட்டிப் புதிய வகையும் வந்தது. சண்டை விஞ்ஞான இதழ்களில் நடக்கிறது. முடிவெடுக்க வேண்டியவர் உரக்கடை வாசலில் நிற்கிறார்.

திண்ணையில் ஒரு கணக்கு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அபிஷேகப்பாக்கத்தில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். சென்னைப் படங்கள் வந்துவிட்டன. மகள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். சாம்பல் பின்னணியில் கசக்கிய மஸ்லின் துணி போல ஒரு தாள், அதன் மேல் கேழ்வரகு சிந்தியது போலக் கறுப்புப் புள்ளிகள். "ஒவ்வொன்னும் எட்டு நானோமீட்டர்" என்றார். அப்பா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து நெடுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய் மாட்டுக் கொட்டகைப் பரணிலிருந்து ஒரு காலி பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார்.

"இதுலயும் நானோன்னுதான போட்டிருக்கான். இது இன்னாம்மா?"

மகள் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்தார். முதலில் வந்த வகை, நைட்ரஜன் 4 சதவீதம். கரண்டு பில்லின் பின்பக்கத்தில் பேனாவால் போட்டார். ஐந்நூறு மில்லியில் நாலு சதவீதம், இருபது கிராம். நாற்பத்தைந்து கிலோ மூட்டையில் நாற்பத்தாறு சதவீதம், இருபது கிலோ எழுநூறு கிராம்.

"இலையில தெளிச்சா வீணாவுறது கொறையும். அது நெசம்பா. மண்ணுல போடுற யூரியாவுல பாதிக்கு மேல பயிருக்குப் போறதில்ல. அதுக்காக இருபது கிராம் இருபது கிலோ ஆயிடாது. மேலுரத்தைக் கொறைக்காத. வேணும்னா நாலு குழி தனியா ஒதுக்கி, அதுல மட்டும் தெளிச்சுப் பாரு. மீதியில எப்பவும்போல போடு. அறுத்ததும் ரெண்டையும் தனித்தனியா எடை போடலாம்."

"எடை நீ வந்து போடுவியா?"

"போடுறேன்பா."

அப்பா அந்தப் பில்லை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பாகூரில் உரக்கடைக்காரரிடம் காட்ட வேண்டுமாம். சம்பா நடவு முடிந்து இருபது நாள் ஆகிறது. முதல் மேலுரம் இந்த வாரம்.